பாஸ்வேர்ட் என்று ஒரு கட்டம்

திரை உடைந்த லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும்போது பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதை வீட்டில் சொன்னால் 'அதுல என்ன இருக்கு' என்கிறார்கள், கடையில் சொன்னால் 'எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கா' என்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச காலமாகவே இது எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

நான் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் கோவை மாவட்டம், கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. வீட்டில் பேச்சு தமிழ், வில்லேஜ் ஆபீஸில் எழுத்து மலையாளம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்க, ஆதாரம் என்று இங்கே சொல்லும் நிலப் பத்திரம், நிலவரி கட்டிய ரசீது, கோர்ட் நோட்டீஸ் என்று கையில் வந்து சேர்வதெல்லாம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் வருகிறது. அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும், இங்கிருப்பவர்கள் தமிழில் சொல்வதை மலையாளத்தில் மனுவாக எழுதுவதும்தான் என் பிழைப்பு. சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது என்பதால் தாத்தா காலத்து ஆதாரங்களை எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன தாள், அதை மேசையில் விரித்து ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன்.

ஆக என் லேப்டாப்பில் என்னுடையது என்று இருப்பது சொற்பம். எருத்தேம்பதியில் ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை, வடகரப்பதியில் ஒருவர் வாங்கிய கடனுக்கு வந்த ஜப்தி நோட்டீஸ், ஒரு பெண்ணின் விவாகரத்து மனு, சிகிச்சை உதவிக்கு விண்ணப்பித்தவரின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், ஆதார் நகல்கள், பாஸ்புக்கின் முதல் பக்கங்கள். எல்லாம் ஊர்க்காரர்களுடையது, என்னை நம்பிக் கொடுத்தது.

திரை உடைந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பொள்ளாச்சியிலிருந்து வரும் சாயங்கால பஸ், கால் வைக்க இடமில்லாத கூட்டம், டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதில் தோளில் கிடந்த பை எனக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து திறந்தால் இடது பக்கக் கீழ் மூலையிலிருந்து விரிசல்கள் கிளம்பி மேலே போயிருந்தன. மூலையில் மை கொட்டிய மாதிரி ஒரு கருந்திட்டு, அதை ஒட்டி ஊதாவும் பச்சையுமாகச் செங்குத்துக் கோடுகள். மறுநாள் பார்த்தபோது திட்டு இன்னும் பரவியிருந்தது. எல்சிடி திரை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்து ஓரத்தை மூடி வைத்த பொருள், கண்ணாடி விட்டதும் அந்த அடைப்பும் விட்டுப்போகிறது. ஒட்டியோ அழுத்தியோ சரிசெய்கிற காரியம் இல்லை, முழுப் பேனலையும் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரிசல் எதுவும் இல்லாமல் திரை சும்மா இருண்டுபோனால் உடனே பேனல் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்தோ படமோ மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் மட்டும் போயிருக்கிறது. அதற்குக் காரணம் கீலுக்குள் ஓடும் கேபிளாகவும் இருக்கலாம், போர்டிலுள்ள சின்ன ஃபியூஸாகவும் இருக்கலாம். அப்படியானால் புதுப் பேனல் வாங்கிப் போட்டும் பலன் இருக்காது.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. பாகப்பிரிவினைக்காரப் பெரியவர் மறுநாளே போன் செய்தார். "அம்மிணி, கம்ப்யூட்டரு ஒடஞ்சு போச்சாமா, எம்பட காயிதமெல்லாம் போயிருச்சுங்களா?" என்றார். "ஒண்ணும் போகலீங்கய்யா, கண்ணாடிதான் ஒடஞ்சிருக்கு, உள்ள இருக்கறது அப்படியே இருக்குது" என்றேன். திரைக்கும் கோப்புகளுக்கும் சம்பந்தமில்லை, கோப்புகள் இருப்பது கீழே, விசைப்பலகைக்கு அடியில், எஸ்எஸ்டி என்கிற சேமிப்புப் பட்டையில். அதைச் சொன்னதும் அவருக்கு நிம்மதி. அழிந்துபோகும் என்ற பயம்தான் அவருக்கு இருந்தது. வேறு யாராவது பார்ப்பார்கள் என்பது அவர் நினைப்பில் வரவே இல்லை.

டிவியில் வந்த ஆதாரம்

கடைக்குப் போகுமுன் பேக்கப் எடுக்க வேண்டும். திரை உடைந்தால் இது முடியாது என்று பலரும் நினைத்துக்கொண்டு லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று இருந்தால் போதும், வீட்டு டிவியே திரை. கேபிளைச் செருகி, டிவியில் அந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்து, படம் வரவில்லை என்றால் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு பி விசையைத் தட்ட வேண்டும், எந்தத் திரையில் காட்டுவது என்ற பட்டியல் வரும், அம்புக்குறியால் மாற்றிக்கொள்ளலாம். உடைந்த திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம்.

நான் ஹாலில் உட்கார்ந்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபோல்டராக நகலெடுத்துக்கொண்டிருந்தேன். நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று நடுநடுவே ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்து பார்ப்பது என் வழக்கம், நகலெடுத்ததோடு விட்டுவிடுவது பேக்கப் ஆகாது. அப்படித் திறந்தது அந்தப் பெரியவர் வீட்டுப் பாகப்பிரிவினை. 43 இஞ்ச் டிவியில் அண்ணன் தம்பிகள் பெயர், சர்வே நம்பர், யாருக்கு எத்தனை சென்ட் என்பதெல்லாம் விரல் தடிமனில் வந்து நின்றது. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா வாசற்படியில் நின்று டிவியையே பார்த்துக்கொண்டு, "யாரு பூமி கண்ணு இது?" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கண்ணுக்கு எதிரே தெரிந்ததைக் கேட்டார். நான் டிவியை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் மிச்ச வேலையைச் செய்தேன். அந்தப் பாகப்பிரிவினையில் இரண்டாவது தம்பிக்கு இன்னும் மனக்குறை இருக்கிறது, அவருடைய சம்பந்தி வீடு எங்கள் தெருவில்தான்.

ஊர்க்காரர்களின் ஃபோல்டர்களை செவன்-ஜிப் என்ற மென்பொருளில் போட்டு ஒரு பாஸ்வேர்டும் வைத்து அந்த ஹார்ட் டிஸ்க்கில் வைத்தேன். ஹார்ட் டிஸ்க் பீரோவுக்குள் போயிற்று. கூடவே ஒரு காகிதமும். விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால் பெரும்பாலும் டிவைஸ் என்க்ரிப்ஷன், அதாவது எஸ்எஸ்டியில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் ஏற்பாடு, தானாகவே வேலைசெய்துகொண்டிருக்கும், புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்று இருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு 48 இலக்கத்தில் ஒரு ரெக்கவரி கீ உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கும். ரிப்பேர் சமயத்தில் மதர்போர்டு மாற்ற நேர்ந்தாலோ பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளில், எதையாவது தொட்டாலோ விண்டோஸ் அதைக் கேட்கும், கையில் இல்லையென்றால் நம் கோப்புகளே நமக்குத் திறக்காது. அதைத்தான் காகிதத்தில் எழுதி வைத்தேன்.

இந்த என்க்ரிப்ஷன் இல்லாத கணினியில் விண்டோஸ் பாஸ்வேர்ட் எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் பென் டிரைவ் மாதிரித் திறந்துகொள்ளும். என்க்ரிப்ஷன் இருந்தால் அது நடக்காது. என்னுடையதில் இருந்தது. அந்தத் தைரியத்தோடுதான் கடைக்குப் போனேன்.

அந்த நோட்டு

பக்கத்து டவுனில் ஒரு சின்னக் கடை. பெயர் வேண்டாம், நல்ல கடை. தம்பி ஒருவர் தனியாக நடத்துகிறார், வீட்டில் தமிழ், கல்லூரிப் படிப்பு மலையாளத்துக்காரர்களோடு, இரண்டு மொழியிலும் சரளம். திரையைப் பார்த்தவுடன், "பேனல் போயிருச்சுக்கா. 15.6 இஞ்ச், ஃபுல் எச்டி, கனெக்டர் 30 பின்னா இருக்கும், கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். கோயமுத்தூர்ல இருந்து வரணும். ஃபிட்டிங்கோட 4,800 ஆகும்" என்றார். அப்புறம் மேசையில் இருந்த நீள நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். பெயர், போன் நம்பர், மாடல், கோளாறு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசியில் தலையைத் தூக்காமலே, "பாஸ்வேர்ட் சொல்லுங்க்கா" என்றார்.

நான் நோட்டைப் பார்த்தேன். தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள், நீல மையில் அழகான கையெழுத்து, கடைசிக் கட்டத்தின் தலைப்பு பாஸ்வேர்ட். அதில் வரிசையாக, மேலிருந்து கீழே, ஊரில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டுகள். பலவும் நாலு இலக்கங்கள், 19 என்றும் 20 என்றும் ஆரம்பிக்கிறவை, பார்த்தாலே பிறந்த வருஷம் என்று தெரியும். சிலவற்றில் ஒரு பெயரும் பின்னால் எண்ணும். என் வரிக்கு இரண்டு வரி மேலே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு டீச்சரின் பெயர். அவருடைய மகளின் பெயர், அவள் பிறந்த வருஷம், நடுவில் ஒரு அட் குறி. படிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் படித்துவிட்டேன். அவருடைய போன் நம்பர் அதே வரியில் இருந்தது.

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்ற எவருக்கும் இல்லை. நான் வருவதற்கு முன் ரீசார்ஜ் செய்ய வந்தவர், சார்ஜர் வாங்க வந்த பையன்கள், டீ கொண்டுவந்தவர், இவர்களில் யார் கண்ணிலும் அது பட்டிருக்கலாம். அந்தத் தம்பி மேல் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்த நோட்டுக்கு யார் காவல்? ராத்திரி கடை பூட்டினால் அது மேசை மேலேயே இருக்கிறது, நிரம்பினால் பரணில் போகிறது, கடை இடம் மாறினால் பழைய பேப்பருக்குப் போகிறது.

பெரிய நகரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, ரிப்பேர் பார்க்கிறவருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது. எருத்தேம்பதியில் எவனுக்கு எத்தனை சென்ட் என்று தெரிந்து அங்கே ஒருவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கே அப்படியில்லை. இங்கே ஆளை எல்லோருக்கும் தெரியும், ஆளின் மச்சானையும் தெரியும், மச்சானுக்கு யாரோடு வழக்கு என்பதும் தெரியும். 'நம்ம பையன்தானே' என்று நாம் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்கிறோமே, பயப்பட வேண்டிய காரணமே அதுதான் என்று எனக்கு அந்த மேசை முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. விவாகரத்து மனு போட்டிருக்கும் பெண்ணின் கணவர் வீடு அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அவள் எழுதிக் கொடுத்திருப்பதை அவள் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை, என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

விண்டோஸுக்குள் நுழைய நான் போடும் பின் நம்பரைச் சொன்னால் என்னென்ன திறக்கும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். என்க்ரிப்ஷன் என்று மேலே சொன்னேனே, பின் நம்பர் கொடுத்த நிமிஷத்தில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். குரோமில் சேமித்து வைத்திருக்கும் மற்ற பாஸ்வேர்டுகளைக் காட்டுவதற்கு அது கேட்பதும் அதே விண்டோஸ் பின் நம்பரைத்தான். வாட்ஸப் வெப் திறந்தபடி இருந்தால் அதுவும், ஜிமெயிலும், டிரைவும். போதாக்குறைக்கு, நாலு இலக்கம் வைக்கிறவர்கள் அதையே போனுக்கும் ஏடிஎம்முக்கும் வைத்திருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

"பேனல் மாத்தறதுக்கு பாஸ்வேர்ட் எதுக்குங்க தம்பி?" என்று கேட்டேன்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது

அவருக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனால் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: திரையை மாற்றும்போது மேல்மூடியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது, கேமராவும் மைக்கும் அதற்குள்தான், பல மாடல்களில் வைஃபை ஆன்டெனா கம்பிகளும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. திரும்பக் கொடுக்கும்போது இதெல்லாம் வேலைசெய்கிறதா என்று பார்க்காமல் கொடுத்தால், வீட்டுக்குப் போய் 'வைஃபை எடுக்கல, கேமரா கறுப்பா தெரியுது, நீதான் கெடுத்தே' என்று வந்து நிற்பார்கள். "ஏற்கனவே கெட்டுப்போயிருந்ததக்கூட எந்தலைல கட்டிருவாங்கக்கா" என்றார். நான் அதை மறுக்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து நுணுக்கமான வேலை செய்துவிட்டு, செய்யாத தப்புக்குக் காசை விடுகிறவருக்கு அந்த முன்னெச்சரிக்கை வேண்டியிருக்கிறது.

அதற்கு விண்டோஸுக்குள் நுழைய வேண்டுமா என்பதுதான் கேள்வி. பேனலைச் சோதிக்க அது தேவையில்லை. பவர் போட்டுப் பயாஸ் திரை வந்தாலே படம் வருகிறதா, கோடு இருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று தெரிந்துவிடும். டெல் லேப்டாப்புகளில் டி விசையை அழுத்திக்கொண்டு பவர் பட்டனைத் தட்டினால் சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக வரும், செத்த புள்ளி இருந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். கேமரா, வைஃபை, சத்தம் இதற்கெல்லாம் ஒரு பென் டிரைவ் போதும். உபுண்டு மாதிரியான லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிவைத்து அதிலிருந்தே கணினியை இயக்கலாம், எஸ்எஸ்டியைத் தொடாமலே எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். சொல்லப்போனால் எஸ்எஸ்டி உள்ளே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

போன்காரர்கள் இந்தச் சிக்கலை யோசித்துவிட்டார்கள். சாம்சங் 2022இல் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, கூகுள் பிக்சலில் 2023 கடைசியில் ரிப்பேர் மோட் வந்தது. அதைப் போட்டுக் கொடுத்தால் போன் வேலைசெய்யும், சோதிக்கலாம், நம் படங்களும் செய்திகளும் மட்டும் தெரியாது. லேப்டாப்புக்கு விண்டோஸில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. ஆகவே நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கடைக்காரர்களை இப்படிச் சந்தேகிப்பது அநியாயம் என்று என் தம்பியே என்னிடம் சண்டைக்கு வந்தான். அவனுக்கு நான் சொன்னது கனடாவில் நடந்த ஒரு ஆய்வைத்தான். 2022இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காக குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உள்ளே நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவுசெய்யும் லேப்டாப்புகளை ஒன்டாரியோ மாகாணத்து ரிப்பேர் கடைகளில் கொடுத்து வாங்கினார்கள். கோளாறு அற்பமானது, சத்தம் வரவில்லை என்பது மட்டும்தான். ஆறு கடைகளில் வேலைக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள், அவற்றில் இரண்டு கடைகளில் நகலும் எடுத்திருந்தார்கள். பெண்களுடையது போலத் தயார்செய்த லேப்டாப்புகளில்தான் இது அதிகம் நடந்தது. அங்கே ஊர் பேர் தெரியாத ஆளின் கணினியையே அப்படி எட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றால், தெரிந்தவர் வீட்டுக் கதைகள் இருக்கும் கணினியைப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்? அந்த மன உறுதியை ஒருவரிடம் நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும், எதிர்பார்க்காமலே வேலையை முடித்துக்கொள்ள வழி இருக்கும்போது? நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் இருக்கத்தான் செய்கிறது, அனுமதியில்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு ஒருவர் கணினியிலிருந்து நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு, cybercrime.gov.in என்ற அரசுத் தளத்தில் சைபர் குற்றங்களைப் புகார் செய்யலாம். ஆனால் அதெல்லாம் நடந்து முடிந்த பிறகு. அந்தப் பெண்ணின் மனுவை ஒருவர் படித்துவிட்டார் என்றால், படித்ததைப் படிக்காததாக்க எந்தப் பிரிவாலும் முடியாது.

கடைக்காரத் தம்பியிடம் இவ்வளவும் மேசை முன்னால் நின்று பேசவில்லை. அன்று கேட்டது ஒன்றே ஒன்று: "எஸ்எஸ்டிய கழட்டி எங்கையில குடுத்துருங்க, பேனல் வந்ததும் நானே கொண்டுவர்றேன், எம்முன்னாடி மாட்டுங்க. வைஃபை, கேமரா எதுலயும் நான் கம்ப்ளெயின்ட்னு வரமாட்டேன், வேணும்னா எழுதியும் தர்றேன்." கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க எழுதித் தர வேண்டாங்க்கா" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரியின் கனெக்டரைப் பிடுங்கினார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், இதைச் செய்யாமல் திரை கேபிளைத் தொடுகிறவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள், பின்னொளிக்குப் போகும் மின்சாரம் எங்காவது ஷார்ட் ஆனால் போர்டிலுள்ள ஃபியூஸ் போய்விடும், பேனல் வேலை போர்டு வேலையாகிவிடும். அப்புறம் எஸ்எஸ்டி. எம்.2 வகை, 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், ஒரு முனையில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்ததும் பட்டை தானாகவே சரிவாக எழும்பி நின்றது. இழுத்து எடுத்து ஒரு சின்ன ஆன்டி-ஸ்டேடிக் உறையில் போட்டுக் கொடுத்தார். கைப்பையில் வைத்துக்கொண்டபோது பாரமே தெரியவில்லை. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் கஷ்டமும் சொத்தும் அதில் இருந்தது, உள்ளங்கையில் மறைகிற அளவில்.

பேனல் வந்த பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து முழு வேலையையும் பார்த்தேன். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் சட்டத்தின் இடுக்கில் விட்டு நகர்த்தினார், கிளிப்புகள் டக் டக்கென்று விட்டுக்கொண்டே வந்தன. கீழ்ப்பக்கம் இரண்டு மூலைகளில் கறுப்பு நாடாவின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது, அதை மெதுவாக, வேகமே காட்டாமல், பக்கவாட்டில் இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி நீண்டு வெளியே வந்தது. பாதியில் அறுந்தால் பேனலை நெம்பி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பேனல் முன்னால் சாய்ந்ததும் அதன் முதுகில் மாடல் எண் ஒட்டியிருந்தது. புதியதையும் பழையதையும் அருகருகே வைத்து, அளவு, கனெக்டரின் பக்கம், 30 பின்தானா 40 பின்னா என்று சரிபார்த்த பிறகே கேபிளைத் தொட்டார். கனெக்டரின் மேல் ஒட்டியிருந்த டேப்பை உரித்து, சன்னமான உலோகக் கொண்டியை நிமிர்த்தி, கேபிளை நேராகப் பின்னுக்கு இழுத்தார். இந்த வேலையை நாமே வீட்டில் செய்யலாம் என்று வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, மாடல் எண் பார்த்து வாங்கத் தெரிந்து கை நடுங்காதவர்கள் செய்யலாம்தான். எனக்கு அந்தத் தம்பியின் விரல்களில்தான் நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் பாஸ்வேர்டும் வேறு வேறு விஷயம் என்று அவருக்குப் புரியவைக்க முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்.

பயாஸ் திரை பளிச்சென்று வந்தது. அவருடைய பென் டிரைவில் ஏற்கனவே ஒரு லினக்ஸ் இருந்தது, எப்போதோ ஒரு பழைய கணினிக்காகப் போட்டதாம், அதிலேயே கேமராவையும் வைஃபையையும் பார்த்துவிட்டார். கடைசியில் எஸ்எஸ்டியை மாட்டினோம், பின் நம்பரை நானே போட்டேன், ரெக்கவரி கீ எதுவும் கேட்கவில்லை.

டீச்சர் விஷயம் பாக்கி இருந்தது. சொல்வதா வேண்டாமா என்று எனக்குப் பெரிய குழப்பம், சொன்னால் கடையைப் பற்றிக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், சொல்லாமல் விட்டால் அவருடைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும் என்பதே ஒரு உறுத்தல். பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது சொல்லிவிட்டேன். அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார். "அய்யோ, எனக்கு எல்லாத்துக்கும் அதுதானே, ஸ்கூல் மெயிலுக்கும் அதுதான்" என்றார். அங்கேயே நின்று போனிலிருந்தே மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினோம், கூகுள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன என்ற பட்டியலைத் திறந்து தெரியாததையெல்லாம் வெளியேற்றினோம், வாட்ஸப்பில் லிங்க்டு டிவைசஸ் பார்த்தோம். பஸ் வந்துவிட்டது, லேப்டாப்பின் பாஸ்வேர்டை வீட்டுக்குப் போய் மாற்றுவதாகச் சொன்னார்.

என் பக்கத்திலும் சில வழக்கங்கள் மாறின. ஆதார் கேட்கும் இடங்களில் முடிந்தவரை கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரையே இறக்கிக்கொண்டு வரச் சொல்கிறேன். வேலை முடிந்து காகிதங்களைக் கொடுத்த பிறகு நகலை வைத்திருக்கட்டுமா அழித்துவிடட்டுமா என்று அவர்களிடமே கேட்கிறேன். பாகப்பிரிவினைப் பெரியவரிடம் கேட்டபோது, "நீ வெச்சிரு அம்மிணி, எங்கிட்ட இருந்தா கரையான் தின்னுரும்" என்றார். விவாகரத்துப் பெண் மட்டும் அழித்துவிடச் சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்து அழிவதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கடையில் இப்போது திரை, கீபோர்டு, பேட்டரி, கீல் வேலைகளுக்குத் தம்பி பாஸ்வேர்ட் கேட்பதில்லை. சாஃப்ட்வேர் வேலை என்றால் ஆளை உட்காரவைத்து அவர்களையே போடச் சொல்கிறார். உட்கார நேரமில்லாதவர்களிடம், அந்த வேலைக்கென்று அதிகாரம் குறைந்த தனி யூசர் ஒன்றை உண்டாக்கித் தரச் சொல்கிறார், அதிலிருந்து மற்ற யூசரின் கோப்புகளைத் திறக்க முடியாது. புது நோட்டில் கடைசிக் கட்டமே இல்லை. பழைய நோட்டுகள்தான் சிக்கல். வாரன்டி கேட்டு வருகிறவர்களுக்குத் தேதி பார்க்க வேண்டியிருப்பதால் தூக்கிப் போட முடியாது என்கிறார். பாஸ்வேர்ட் வரிசையைக் கறுப்பு மார்க்கரால் அடித்தார், வெளிச்சத்தில் பிடித்தால் பேனா அழுந்திய தடம் பின்பக்கம் அப்படியே தெரிகிறது. அந்த ஓரத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நோட்டு முடிந்துவிட்டது, பரணில் இருப்பவை இன்னும் பாக்கி.